ஈப்போவில் ஒரு பழைய வழக்கம்

ஈப்போவில் இறங்கிய அன்றே எல்லோரும் என்னைச் 'சாந்தாபென், சாந்தாபென்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் பெண் என்பதை இந்த ஊர் ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறது என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கியது, குஜராத்தியில் 'பென்' என்றால் சகோதரி. ஆண்களுக்கு 'பாய்'. எங்கள் மதுரையில் பாய் என்றதும் பிரியாணி நினைவுக்கு வரும். இந்த பாய்கள் முட்டையைக்கூடத் தொடாதவர்கள்.

நான் மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருப்பவள். கடையில் தமிழ், வீட்டில் சௌராஷ்டிரம். எங்கள் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்துப் பக்கமிருந்து கிளம்பி, வழியெல்லாம் நெய்துகொண்டே வந்து, கடைசியில் வைகைக் கரையில் தறியை இறக்கியவர்கள். இதையெல்லாம் நான் தினமும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. சேலை விற்கவே நேரம் போதவில்லை.

போன வருடம் மீனாட்சியம்மனைக் கும்பிட வந்த ஒரு பெரியவர் என் கடைக்குள் நுழைந்தார். நான் அப்போது கடைப் பையனைச் சௌராஷ்டிரத்தில் வறுத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சேலையைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, நீங்க பேசுறது பாதி எங்க குஜராத்தி மாதிரி இருக்கு லா" என்றார், மலேசியக்காரர்களின் அந்த 'லா'வோடு. அவர்தான் ஜெயந்திபாய். ஈப்போவில் துணிக்கடைக்காரர், அங்குள்ள குஜராத்திச் சங்கத்தின் தலைவர். நவராத்திரிக்குச் சங்கத்துப் பெண்கள் அனைவருக்கும் சுங்குடிச் சேலை என்று அங்கேயே முடிவு செய்தார். ஒரு நிபந்தனை, சேலையோடு நானும் வர வேண்டும். வந்து நம் பூர்வீகத்தைப் பற்றி மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும். நாலு வார்த்தைதானே, நாற்பதாகவே பேசிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாள் காலையிலேயே ஜெயந்திபாய் கடையில் பசியாற உட்கார வைத்தார்கள். மலேசியாவில் காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுவது என்கிறார்கள். இட்லி சாப்பிட்டாயா, டிபன் ஆச்சா என்று கேட்கும் நம் ஊரைவிட இது மரியாதையான கேள்வியாகப் பட்டது. தட்டில் வெந்தயக்கீரை போட்ட தெப்லா, குஜராத்திச் சப்பாத்தி. தொட்டுக்கொள்ள ஊறுகாய் வரும் என்று பார்த்தால் சிவப்பாக மலாய்ச் சம்பால் வந்தது. கருவாட்டுச் சமாசாரம் எதுவும் இல்லாமல் இவர்களுக்கென்றே அரைத்தது. அதற்கு மேல் ஈப்போவின் வெள்ளைக் காப்பி. மூன்று ஊர்கள் ஒரே தட்டில் சண்டையில்லாமல் இருந்தன.

ஜெயந்திபாயின் தமிழ் முழுக்க முழுக்கக் கல்லாப்பெட்டித் தமிழ். அவருடைய அப்பா சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு சம்பள நாளில் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போனவர். தோட்டத்தில் வாங்கியவர்கள் எல்லாம் தமிழர்கள். அதனால் மகனும் தமிழிலேயே வளர்ந்துவிட்டார். ஒரு வாடிக்கையாளர் அம்மாளிடம், "சாயம் போச்சுன்னா கொண்டாந்து என் மூஞ்சில விட்டெறிங்க, போதுமா?" என்று சொல்லி விற்றார். இதையே நான் மதுரையில் சொன்னால் நிஜமாகவே விட்டெறிவார்கள்.

"சாந்தாபென், நவராத்திரி முதல் நாள் நீங்கதான் கர்போ எடுக்கணும்" என்றார் நடுவில். கர்பா தெரியும், தொலைக்காட்சியில் வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். கர்போ அதற்குப் படைக்கும் பலகாரம் போலிருக்கிறது, விருந்தாளி முதலில் எடுத்துக்கொண்டால்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்களாக்கும் என்று நினைத்தேன். சாப்பாட்டு விஷயத்தில் நான் மறுப்புச் சொல்வதில்லை. "அதுக்கென்ன, பேஷா எடுக்கறேன்" என்று தலையாட்டிவிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் அவரும் அவருடைய மனைவி சவிதாபென்னும் கைகூப்பி "ஆவ்ஜோ" என்றார்கள். எங்கள் வீட்டில் 'அவோ' என்றால் 'வாங்க' என்று பொருள். ஏதோ சொல்ல மறந்துவிட்டார்கள் போல என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு டீ வரவழைத்தார்கள். குடித்துவிட்டு எழுந்தேன். மறுபடியும் "ஆவ்ஜோ". மறுபடியும் உட்கார்ந்தேன். மறுபடியும் டீ. மதுரையில்கூட இவ்வளவு உபசாரம் கிடையாது.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். "ஏன்க்கா, எதாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லையே, இவங்கதான வா வாங்கறாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது போறவங்களுக்குச் சொல்றது க்கா. நாம 'போயிட்டு வாங்க'ன்னு சொல்றோம்லா? இவங்க 'போயிட்டு'வ விட்டுட்டாங்க."

அவர்தான் தனுபென். ஜெயந்திபாயின் தம்பி கிஷோரின் மனைவி. பெற்றோர் வைத்த பெயர் தனலட்சுமி, காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண். அதுவரை உள்ளே குஜராத்தியில் பொரிந்துகொண்டிருந்தவர் திடீரென்று இப்படித் தமிழில் பேசியதும் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவரை விடவில்லை.

மறுநாள் தனு தன் குட்டிக் காரில் என்னை அவர் பிறந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள் சாலையோரத்திலிருந்தே செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. எங்கள் மதுரை ஆனைமலையைப் போல ஒன்றே ஒன்று இருந்தால் பெயர் வைத்துக் கதை சொல்லலாம். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் மலை, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வழியில் ஒரு சந்தையில் வாழைப்பழப் பொரியல், நம் ஊர் பஜ்ஜி மாதிரி ஒன்று, வாங்க நிறுத்தினோம். நான் சிவப்புச் சுங்குடி கட்டியிருந்தேன், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் நின்ற இரண்டு சீனப் பெண்மணிகள் என்னைப் பார்த்துக் கன்டோனீஸில் ஏதோ பேசினார்கள். என்னவாம் என்றேன். தனு முதலில் சொல்ல மறுத்தார். வற்புறுத்தியதும், "அந்தம்மா சேலைக்கு அம்மை போட்டிருக்குன்றாங்க" என்றார். புள்ளிக்குப் புள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கிற சேலை அது. அதன் அருமையைச் சந்தையில் நின்று விளக்க முடியுமா? பொரியலைத் தின்றுகொண்டே காரில் ஏறினேன்.

"சடக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தனு தார்ச் சாலையிலிருந்து மண் பாதையில் திரும்பினார். இவர்கள் சாலையைச் சடக்கு என்கிறார்கள். இரவு பெய்த மழையில் அது சடக்காக இல்லை, சகதியாக இருந்தது. கார் உறுமியதே தவிர நகரவில்லை. இரு பக்கமும் ரப்பரை அழித்து வைத்த செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை, வரிசை வரிசையாக. நான் இறங்கித் தள்ளியதில் அம்மை போட்ட சேலைக்குச் சேற்று நோயும் வந்தது.

நல்ல வேளையாகப் பனங்குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டிவந்த வங்காளதேசத்துத் தொழிலாளி கயிறு கட்டி இழுத்துவிட்டார். அவரும் தனுவும் மலாயில் நாலு வாக்கியம் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தனு சொன்னார். "எந்த ஊருன்னு கேட்டாரு. இதே தோட்டத்துல பொறந்தவன்னு சொன்னேன். அப்படின்னா மழை பேஞ்சா இங்க காடி வரக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணுமேங்கறாரு." காடி என்றால் இவர்களுக்குக் கார்.

பிறந்த வீட்டைக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்தவர் ஒரு செம்பனை மரத்தைக் காட்டினார். வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடம் அது. மாரியம்மன் கோயில் மட்டும் புது வர்ணத்தோடு பளிச்சென்று இருந்தது. தனுவின் அண்ணன்மார் ஜெலாப்பாங் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது, திருவிழாவுக்கு மட்டும் வருவார்களாம். தனு ஒன்றும் கண்ணைக் கசக்கவில்லை. "லயத்துல ஒழுகாத எடமே இல்ல க்கா. போனது நல்லதுதான்" என்றார்.

கோயில் வாசலில் உட்கார்ந்து மிச்சப் பொரியலைத் தின்றபோது கிஷோர் கதை வந்தது. அப்பாவோடு வேனில் துணி விற்க வந்த பையன். ரவிக்கைத் துணி கேட்டால் மற்றவர்களுக்குச் சரியாக அளப்பாராம், தனுவுக்கு மட்டும் ஒரு சாண் கூட விடுவாராம். "எங்கம்மா இந்தப் பையனுக்கு அளக்கவே தெரியலன்னு பாவப்பட்டாங்க. எனக்குத்தான் தெரியும்" என்று தனு சொன்னபோது அவர் முகத்தில் அந்த ஒரு சாண் துணியின் சந்தோஷம் அப்படியே இருந்தது.

இரண்டு வீட்டிலும் பெரிய ரகளை நடந்து முடிந்துதான் கல்யாணம். மாமியார் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே நவராத்திரிப் பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்தாராம்.

"எல்லாம் இந்த வருசத்துக்குத்தான் போல" என்றார் தனு. "கர்போ இப்ப எனக்குத்தான் வரும்."

"கர்போன்னா?"

"சுத்தி ஓட்டை போட்ட மண்சட்டி க்கா. உள்ள விளக்கு எரியும். மொதல் நாள் அதைத் தலையில தூக்கியாந்து நடுவுல வெப்பாங்க. வெச்சவங்கதான் மொதப் பாட்ட எடுத்துக் குடுக்கணும். அதைச் சுத்தித்தான் எல்லாரும் ஆடுறது. எங்க சங்கத்துல அது எங்க வீட்டு மருமகப் பொறுப்பு. மாமியார் தூக்கினாங்க. அப்புறம் சவிதா அக்கா. இப்ப அவங்களுக்கு முட்டி போயிருச்சு, கம்பு இல்லாம நடக்க முடியல. அடுத்தது நான்தானே?"

கையிலிருந்த பொரியலைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன். 'கர்போ எடுக்கணும்' என்றதற்குப் பலகாரம் என்று நினைத்துத் தலையாட்டியவள் நான்.

"உங்க மூத்தார் ஜெயந்திபாய்கிட்ட கேட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கேக்க மாட்டேன் க்கா. கல்யாணம் பண்ணிக் குடுங்கன்னு கேட்டேன். வீட்டுக்குள்ள வரலாமான்னு கேட்டேன். அடுப்பாங்கரைக்குள்ள போகலாமான்னு கேட்டேன். எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கினதுதான். இது ஒண்ணு மட்டும் அவங்களா கூப்பிட்டுக் குடுக்கணும்."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "போலாமா க்கா, மழை வரும்" என்றார். திரும்பும் வழியெல்லாம் நான் மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயாடி என்று ஊரில் பெயரெடுத்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அதில் எனக்கே என்மேல் கோபம்.

மூன்றாம் நாள் ஜெயந்திபாய் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கிச்சடி, மோர்க்குழம்புக்குத் தங்கை மாதிரி இனிப்பாக 'கடி' என்று ஒன்று, உருளைக்கிழங்கு, அப்பளம். மோர்க்குழம்பில் வெல்லம் போடுகிறவர்களை நான் அதுவரை சந்தேகத்தோடுதான் பார்த்து வந்தேன். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டபோது சந்தேகம் தீர்ந்தது. தனு கூடத்து மூலையில் உட்கார்ந்து கர்போவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். சின்னச் சின்னக் கண்ணாடிகளை ஒட்டி, ஓட்டைகளைச் சுற்றி மஞ்சள் கோடு.

சாப்பிட்டு முடிக்கும்போது ஜெயந்திபாய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நாளைக்குச் சாந்தாபென்தான் கர்போ தூக்குறாங்க. ஒப்புக்கிட்டாங்க."

கிஷோர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். சவிதாபென் தட்டைப் பார்த்தார். தனுவின் தூரிகை ஒரு கணம் நின்றது. பிறகு, "நல்லது லா" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து மஞ்சள் கோட்டைத் தொடர்ந்தார். கோடு வளையாமல் போனது. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஜெயந்திபாயைத் தனியே வராந்தாவுக்குக் கூட்டிப்போய், எனக்கு விஷயம் தெரியாமல் தலையாட்டிவிட்டேன், இது தனுவுக்குத்தானே சேரும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பினாங்குலேர்ந்து, கோலாலம்பூர்லேர்ந்து பெரியவங்கள்ளாம் வாராங்க அக்கா. தனு தூக்குனா ஒருத்தராச்சும் எதாச்சும் சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பேச்சு வேணாம். நீங்க தூக்குனா ஒருத்தர் வாய் தொறக்க முடியாது. நீங்க ஆதி குஜராத். எங்ககிட்ட எல்லாம் கலந்து போச்சு. பழைய வழக்கமெல்லாம் உங்ககிட்டதான் அப்படியே இருக்கு."

"தனு?"

"அது ஒண்ணும் சொல்லாது. தங்கமான புள்ள."

ஒன்றும் சொல்லாதவர்களுக்குத் தங்கம் என்று பெயர் வைத்துவிடுவது எவ்வளவு வசதி. ஆனால் அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கும் தனுவுக்குத் தலைவலி என்றதும் மழையில் மருந்துக் கடைக்கு ஓடியவர் அவர்தான். அவருக்கு இருந்தது பயம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற பயத்துக்குக் குஜராத்தி, தமிழர், சௌராஷ்டிரர் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. என் சம்பந்தி வீட்டில் இது மூட்டை மூட்டையாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் சங்க மண்டபம் நிறைந்துவிட்டது. என் சேலைகள் நாலு பக்கமும் சிவப்பும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக நடமாடின. குஜராத்தி முறையில் முந்தானையை வலத் தோள் வழியாக முன்னால் விட்டிருந்தார்கள். நாங்கள் பின்னால் மறைத்துவிடும் வேலைப்பாடு முழுக்க மார்பில் தெரிந்தது. இத்தனை வருடம் விற்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. முன்வரிசையில் பினாங்குப் பெரியவர்கள் கைத்தடிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தனு கர்போவுக்குள் விளக்கை ஏற்றி என் கையில் கொடுத்தார். "சூடு தட்டும், சுருமாடு நல்லா அழுத்தி வெச்சுக்குங்க க்கா" என்று என் தலையில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டார். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜெயந்திபாய் ஒலிபெருக்கியில் என்னைப் புகழ்ந்து தள்ளினார். பூர்வீகம் என்றார், ஆதி மரபு என்றார், அப்பழுக்கில்லாத பழக்கவழக்கம் என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. சட்டியைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு நேராக ஒலிபெருக்கியிடம் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"எங்க மதுரைல ரொம்பப் பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு" என்று அங்கே எல்லோருக்கும் பழகிய கடைத் தமிழில் ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்ததும் மீதி தானாக வந்தது. "சாமி விளக்க விருந்தாளி தூக்கக் கூடாது. அந்த வீட்டு மருமகதான் தூக்கணும். அதுலயும் வேற ஊர்ல, வேற பாஷைல பொறந்து வந்த மருமகன்னா ரொம்ப விசேஷம். ஏன்னா நாங்க ஊர் விட்டு ஊர் வந்த சனம். விளக்கும் எங்க கூடவே நடந்து வந்தது. அதனால வெளியிலேர்ந்து நடந்து வந்தவ கையாலதான் அது உள்ள வரணும்னு பெரியவங்க வெச்சிருக்காங்க. குஜராத்த விட்டுக் கிளம்புன நாள்லேர்ந்து இத நாங்க மாத்தினதே இல்ல."

கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகம்தான். வியாபாரத்தில் வாய் பழகிவிட்டது, துணிக்குச் சொல்வதைப் போலவே சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் எல்லோரையும்விட வயதான பினாங்குப் பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து குஜராத்தியில் ஏதோ சொன்னார். தொலைந்தேன் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த சவிதாபென் என் காதில், "சரிதாங்கறாரு. அவரோட அம்மாகூட இந்த வழக்கத்தச் சொல்லியிருக்காங்களாம்" என்றார். நான் அரை நிமிடத்துக்கு முன் பெற்றெடுத்த வழக்கத்துக்கு அதற்குள் பினாங்கில் சாட்சி கிடைத்துவிட்டது.

ஜெயந்திபாய் என்னையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை நம்பினாரா, இல்லை நம்புவதற்கு ஒரு வழி கிடைத்ததே என்று நிம்மதியானாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஒலிபெருக்கியைக்கூட எடுக்கவில்லை. மண்டபத்தின் கடைசியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, தமிழில், "தனு, வாம்மா. வந்து தூக்கு" என்றார்.

தனு வந்தார். கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். தலையில் கர்போ ஏறியதும் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் அவர் தோளெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு முதல் பாட்டை எடுத்தார். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவது வரியில் அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கிஷோர் வாசலோரம் நின்று தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆடத் தெரியாது. இருந்தாலும் நாலு சுற்று ஆடி, இரண்டு பேர் காலை மிதித்து, சந்தோஷமாக மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் ஜெயந்திபாய் ஒவ்வொரு மேசையாகப் போய், இனிமேல் வருடா வருடம் மதுரைப் பழைய வழக்கப்படிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனு ஜிலேபித் தட்டோடு என்னிடம் வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்தார்.

"அக்கா, உங்க ஊர்ல நெசமாவே அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"இல்ல" என்றேன்.

தனு என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு என் தட்டில் ஜிலேபிக்கு மேல் ஜிலேபியாக வைத்தார்.

"இப்ப இருக்கு லா. போன ஒடனே அங்க எல்லாருக்கும் சொல்லி வெச்சிருங்க."